பறக்கும் நூல், தரை நூல்

விமானப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பற்றி எழுதுகிறார்கள். மேகம், இறக்கை, கீழே கோடாகத் தெரியும் ஆறு. கையில் கிடைத்த பயண நூல்களையெல்லாம் படித்திருக்கிறேன். உட்கார்ந்து போன இருக்கையின் தையலைப் பற்றி ஒரு வரி எழுதியவரை இதுவரை பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் நல்ல தையல்.

என் வேலைக்காலம் முழுவதும் தில்லி விமான நிலையத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் போயிற்று. விமான இருக்கைகளுக்கு உறை, திரைச்சீலை, இருக்கைப் பை, இவற்றைத் தைக்கும் பிரிவு. அங்கே தையல் வேலையோடு பாபின் ஸ்டாண்டும் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்றபின், அங்கிருந்து அதிக தூரமில்லாத துவாரகா பகுதியில் இருக்கிறேன்.

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் விட்டு வந்த பொறுப்பை இப்போது பார்ப்பவள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"ஆன்ட்டி, இப்ப நூல் சுத்தின பாபினே டப்பா டப்பாவா வந்துடுது. லேபிள்கூட அவங்களே ஒட்டிடறாங்க. பழைய மெட்டல் பாபின் ஒரு டப்பா நிறைய கிடக்கு, ஸ்கிராப்ல போடச் சொல்றாங்க. அப்புறம் ஸ்டாண்டு ஏன் ரெண்டு இருக்கு, ரெண்டும் ஏன் அவ்ளோ தள்ளித் தள்ளி இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. நீங்க கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

"எனக்குத் தமிழ்லதான் எழுத வரும், நித்யா."

"அச்சா, எழுதுங்க. அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன். நானே எழுத்துக் கூட்டிப் படிச்சா, முடிக்கறதுக்குள்ள எனக்கும் ரிட்டயர்மென்ட் வந்துடும்."

அவளுக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நாள், கிழமை, திதியோடு எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் இங்கே சொல்லப் போவதில்லை. கிழமையும் பண்டிகையும் போதும்.

முதலில் பாபின். தையல் மெஷினில் மேல்நூல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கோன் என்கிற பெரிய நூல்கூம்பிலிருந்து இறங்கி ஊசிக்கு வரும். கீழ்நூல் தட்டுக்கு அடியில், பாபினில் சுற்றிய நிலையில், ஒளிந்திருக்கும். கோனில் இருக்கும்வரை நூலுக்கு ஊர், பேர், பிறந்த தேதி எல்லாம் உண்டு. எந்த மில், எந்த வகை, எந்தத் தொகுதி என்று அட்டையில் அச்சடித்திருக்கும். அதைப் பாபினில் சுற்றிய அடுத்த நொடி அந்த அடையாளமெல்லாம் போய்விடும். மிஞ்சுவது வெறும் நூல்.

வீட்டில் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. விமானத்தில் கெடும். இருக்கை உறையைத் தைக்கும் நூல் தீயில் உருகாத வகை. நெருப்புப் பட்டால் கருகும், எடுத்துவிட்டால் அணைந்துவிடும். இதைப் பட்டறையில் பறக்கும் நூல் என்போம். ஏணி உறை, தள்ளுவண்டி மூடி, தார்ப்பாய் போன்ற தரையிலேயே கிடக்கும் சாமான்களுக்குச் சாதாரண நைலான். அது தரை நூல். இரண்டும் அப்போது ஒரே வெளிர் மஞ்சள். இரண்டு பாபினைப் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே பிள்ளை தெரியாது.

ஐ.டி.ஐ.யில் தையல் படித்ததையும், பயிற்சிக் காலத்தில் நேர்த்தையலுக்காகவே ஒரு குளிர்காலம் முழுவதும் பழைய கம்பளிகளைக் கிழித்துக் கிழித்துத் தைத்ததையும் விட்டுவிடுகிறேன். அங்கே கற்றதைவிட சக்சேனா சாபின் ஒரு கேள்வியிலிருந்து கற்றது அதிகம்.

சக்சேனா சாப் எங்கள் பிரிவின் இன்ஸ்பெக்டர். அவருடைய முத்திரை விழாமல் எந்த உறையும் வாசலைத் தாண்டாது. ஒல்லியான மனிதர், லக்னோக்காரர். யாரிடமும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. காலையில் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருவார். நேராக ஸ்டாண்டுக்குப் போவார். முளைகளில் வரிசையாக நிற்கும் பாபின்களில் ஏதோ ஒன்றை உருவி, உள்ளங்கையில் வைத்து எங்களிடம் நீட்டுவார்.

"யே கௌன் ஹை?"

இது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. இது யார் என்றுதான் கேட்பார். எந்த கோனிலிருந்து சுற்றியது, யார் சுற்றியது, என்றைக்கு என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் தலையசைத்துவிட்டு அதே முளையில் திருப்பி மாட்டுவார். சொல்லத் தெரியாவிட்டால் திட்டமாட்டார். நாற்காலியில் உட்கார்ந்து நூல் முழுவதையும் தன் கையாலேயே மெதுவாக உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வெற்றுப் பாபினை எங்கள் மேஜையில் வைப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே எங்கள் ஏற்பாடு அத்தனையும். பறக்கும் நூல் பாபின் ஒவ்வொன்றின் துளையிலும் ஒரு சின்ன அட்டைத் துண்டு செருகியிருக்கும். கோன் எண்ணும் சுற்றியவர் பெயரின் முதலெழுத்தும் அதில் இருக்கும். பழையது முன்னால், புதியது பின்னால். மேஜைமேல் ஒரு நேரத்தில் ஒரு வகை நூல்தான். மாலையில் மெஷினில் பாதி நூலோடு நிற்கும் பாபினைக் கழற்றி, மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட வேண்டும். பாதிப் பாபின் திரும்பவும் ஸ்டாண்டுக்குப் போகக் கூடாது. மிச்சத்தின்மேல் புது நூல் சுற்றவே கூடாது. வெற்றுப் பாபின்களுக்குத் தனி டப்பா.

தரை நூலுக்கு அட்டை கிடையாது. அந்தப் பாபின்களின் விளிம்பில் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு பொட்டு. அந்த யோசனை பேச்சியக்காவுடையது. பாலிஷும் அவளுடையதுதான்.

பேச்சியம்மாள். எனக்கு நேர் எதிர் மெஷின். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் ராணுவத்தில் இருந்து காலில் அடிபட்டு வெளியே வந்தவர். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பாலம் என்ற ஊரில் ஒரு அறை எடுத்து இரண்டு குழந்தைகளோடு இருந்தார்கள். நான் அப்போது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். என் கணவருக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை. நானும் அக்காவும் ஒரே வாரத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தவர்கள். பர்மனென்ட் ஆகும் லிஸ்டில் இருவர் பெயரும் சேர்ந்தே மேலே போயிருந்தது. எனக்கு அது வந்தால் நல்லது. அவள் வீட்டில் அதை நம்பித்தான் அடுப்பே எரிந்தது.

அவளைப்போலப் பாபின் சுற்றுகிறவர்களை நான் பிறகு பார்க்கவில்லை. இறுக்கிச் சுற்றினால் நூல் நீண்டுபோய்த் தையல் சுருங்கும். தளர்த்தினால் நடுவில் சிக்கும். அவள் சுற்றியதை விரலால் அமுக்கினால் பழுக்கப்போகிற கொய்யாவை அமுக்குவதுபோல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது அக்கா சுற்றியது என்று சொல்லிவிடுவேன்.

"ஏட்டி, நீ பாபினைத் தடவுத மாதிரி உன் வீட்டுக்காரரு தலையத் தடவியிருந்தா, அவுகளுக்கு இந்நேரம் முடி முளைச்சிருக்கும்" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. இத்தனை உறை தைத்தும் விமானத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. தைப்பது நாங்கள், கொண்டுபோய் மாட்டுகிறவர்கள் ஃபிட்டர்கள். தையல்காரருக்கு விமானத்துக்குள் வேலை இல்லை. "அதுக்குள்ள சன்னல் எம்புட்டு இருக்கும்?" என்று ஃபிட்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். ஆளுக்கு ஒரு அளவு.

பட்டறையில் எல்லாருக்குமாக, வடநாட்டு வழக்கப்படி கருவிகளுக்கு விசுவகர்மா பூஜை நடக்கும். நாங்கள் இருவரும் சேர்ந்தபின், நவராத்திரியில் ஆயுத பூஜையும் சேர்ந்துகொண்டது. "வருஷத்துக்கு இரண்டு பூஜையா?" என்று சக்சேனா சாப் கேட்டதற்கு, அக்கா தன் இந்தியில் பதில் சொன்னாள். மெஷின் இரண்டு தடவை குளித்தால் சளியா பிடிக்கும் என்று. அவர் சிரித்துவிட்டார். அதுவே அனுமதி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. மறுநாள் விஜயதசமியன்று என் பையனுக்கு எழுத்தறிவிக்க வேண்டும். வீட்டில் கொலுவும் இருந்தது. அதனால் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு எடுத்தேன். முந்தின நாள் மாலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இருவரும் சேர்ந்து கொண்டைக்கடலை, வாழையிலை, சந்தனம், குங்குமம் எல்லாம் வாங்கினோம். "நீ நிம்மதியா இரி, பூசைய நான் பாத்துக்கிடுதேன்" என்று பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

திங்கள் காலை பட்டறைக்குப் போனேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. மெஷின்களின் தலையில் காய்ந்த பூ. பாபின்கள் புதுப் பாத்திரம்போல் மின்னின. ஸ்டாண்டைப் பார்த்தேன். பறக்கும் நூல் பக்கம் கடைசி முளை வரை நிரம்பி வழிந்தது. தரை நூல் பக்கம் பல முளைகள் மொட்டையாக நின்றன.

"அக்கா, தரை நூல் பாபினெல்லாம் எங்க?"

"அங்கனதான் இருக்கும். நான்தான் அடுக்குனேன்."

"இங்க பாதிகூட இல்லையே. பறக்கும் நூல்ல அட்டையே இல்லாம இத்தனை நிக்குது."

"அட்டையெல்லாம் நனைஞ்சிருமேன்னு உருவி வச்சேன். திரும்பச் சொருகும்போது பத்தல. சரி, வசந்தா வந்து எழுதிருவான்னு…" அங்கேயே நிறுத்திவிட்டாள்.

நடந்தது இதுதான். வெள்ளியன்று எல்லாப் பாபினையும், எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று, விளிம்பு விளிம்பாக, பெயின்டைக் கரைக்கும் தின்னர் தோய்த்த துணியால் துடைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒரே பித்தளைத் தாம்பாளத்தில் படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறாள். பட்டறையே கைகட்டி நின்று கும்பிட்டிருக்கிறது. சனியன்று காலையில் குங்குமத்தைத் துடைத்து, பாலிஷ் உள்ளதைத் தரைப் பக்கமும் பாலிஷ் இல்லாததைப் பறக்கும் பக்கமும் பிரித்து மாட்டியிருக்கிறாள். தின்னர் நகப்பாலிஷையும் கரைக்கும் என்பது அவள் மனதில் ஓடவில்லை. பாலிஷ் போன இடத்தில் பொட்டுச் சிவப்பாக இருந்ததால் வெள்ளியன்று யார் கண்ணிலும் அது படவும் இல்லை.

அக்கா ஒரு பாபினை எடுத்து நகத்தால் விளிம்பைச் சுரண்டினாள். ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஒரு தூசி ஒட்டியிருந்தது. பாபினை மெல்லக் கீழே வைத்தாள்.

"சனிக்கெழம என்னத்த தச்சோம் தெரியுமாட்டி? ஒரு பிளேனுக்குப் புது உறை. சாப் சாயங்காலந்தான் வந்து முத்திரை போட்டாவ. நேத்து மாட்டிட்டாவ. இன்னைக்கு வெடியக்காலம் மெட்ராசுக்குப் போயிருக்கு."

வாசலில் சக்சேனா சாபின் செருப்புச் சத்தம் கேட்டது. பர்மனென்ட் லிஸ்ட் அந்த வாரம்தான் வரவேண்டும். அவர் உள்ளே வருவதற்குள் நாலைந்து பாபினை இடம் மாற்றி, ஸ்டாண்டைச் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம். ஆகாயத்தில் இருந்ததைச் சரிசெய்ய வழியில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா…"

"சும்மா இரி."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். புதுசாக மின்னும் வரிசையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வெள்ளிக்கிழமை சுண்டல் நன்றாயிருந்தது என்றார். ஒரு பாபினை உருவி உள்ளங்கையில் நீட்டினார்.

"யே கௌன் ஹை?"

"தெரியாது சாப்" என்றாள் அக்கா. அவளுடைய இந்தி எப்போதும் தடுக்கித் தடுக்கித்தான் வரும். அன்றைக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. "இந்த வரிசையில் எதுவுமே யாரென்று தெரியாது. தின்னரால் துடைத்துப் பொட்டு வைத்தது நான். வசந்தா அன்றைக்கு லீவு."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அந்தப் பாபினிலிருந்து ஒரு விரல் நீளம் நூலை வெட்டினார். மணல் வாளிக்குப் பக்கத்தில், சோதனைக்காக ஒரு கல் போட்டிருக்கும். அங்கே நின்று தீக்குச்சியைக் கிழித்தார். நூல் சுருண்டு, உருகி, நுனியில் ஒரு மணியாகத் திரண்டது. தரை நூல்.

அவர் போனை எடுத்து விமானம் எப்போது திரும்பும் என்று கேட்டார். பிற்பகல். திரும்பியதும் அடுத்த பயணத்துக்கு விடாமல் நிறுத்தி வைக்கச் சொன்னார். ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "தையலைப் பார்க்க வேண்டும்" என்றார். பிறகு எங்களிடம் திரும்பி அமைதியாகச் சொன்னார்: இதனால் விமானம் விழாது. ஆனால் என்றைக்காவது உள்ளே தீப்பிடித்தால் முதலில் தையல் வாயைத் திறக்கும், அப்புறம் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு எரியும். அன்றைக்குப் பதில் சொல்வதற்கு நாம் யாரும் அங்கே இருக்கமாட்டோம்.

விமானத்துக்குள் தீக்குச்சியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு உறையிலிருந்தும் கீழ்நூலில் ஒரு துணுக்கை வெட்டி, எந்த இருக்கையுடையது என்று குறித்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து எரித்துப் பார்க்க வேண்டும். கீழ்நூலின் நுனி உறைக்குள் எங்கே முடிகிறது என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஃபிட்டர்கள் போதாது, நீங்களும் வாருங்கள் என்றார் சக்சேனா சாப்.

அப்படித்தான் பேச்சியக்கா விமானத்தில் ஏறினாள்.

கடைசிப் பயணி இறங்கிப்போனபின் எங்களை அழைத்துப்போனார்கள். ஏணியின் கைப்பிடி உறை அவள் தைத்தது. ஏறும்போது அதைத் தொட்டுக்கொண்டே ஏறினாள். உள்ளே காபி வாசனையும் மனித வாசனையும் கலந்து கிடந்தன. ஒரு இருக்கையில் யாரோ மறந்துவிட்டுப் போன மல்லிகைச் சரம். மெட்ராஸிலிருந்து வந்த விமானம் அல்லவா.

வேலையைத் தொடங்கினோம். உறையின் பின் ஓரத்தைப் பிரித்து உள்பக்கம் திருப்பினால் முடிச்சு தெரியும். அதற்குப் பக்கத்தில் நகக்கண் அளவு வெட்டி, ஒட்டும் டேப்பில் வைத்து, இருக்கை எண்ணை எழுதினோம். அக்கா ஒரு பக்கம், நான் மறு பக்கம். வரிசை வரிசையாகப் பின்னால் போனோம்.

நடுவில் ஒரு வரிசையில் ஜன்னலோரம் எட்டி வெட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவள் உட்கார்ந்தாள். வெட்டி முடித்தபின்னும் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி வசந்தா."

"என்னக்கா?"

"சன்னல் இம்புட்டுத்தானா? நம்ம ரேசன் கடைச் சன்னல் பெருசு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தாள். வெளியே ஓடுபாதைகூடத் தெரியவில்லை. ஒரு தள்ளுவண்டி, எங்கள் தார்ப்பாய் மூடி போட்டது, நின்றுகொண்டிருந்தது.

பின்னால் சக்சேனா சாப் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"பைட்டியே, பைட்டியே" என்றார். உட்காருங்கள். அவர் அடுத்த வரிசைக்குப் போய்க் கையில் இருந்த தாளைப் பார்க்க ஆரம்பித்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. அவள் மறுபடி உட்கார்ந்து, இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தானே எழுந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

பட்டறைக்குத் திரும்பி ஒவ்வொரு துணுக்காக எரித்தோம். கருகி அணைந்தால் நல்லது. மணியாகத் திரண்டால் அந்த உறையைக் கழற்ற வேண்டும். நான் எண்ணைப் படிக்க, அவர் தீக்குச்சி கிழிக்க, அக்கா சாமி படத்துக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரும்பாலானவை கருகின. நடுவே சில வரிசைகளின் நூல் உருகியது. அவள் உட்கார்ந்திருந்த இருக்கையின் நூல் கருகி அணைந்தது. அதற்கு மட்டும் அவள் மெல்ல மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உருகியவற்றைக் கழற்றிவிட்டுக் கையிருப்பில் இருந்த உறைகளை மாட்டினார்கள். இருட்டுவதற்கு முன்னால் விமானம் கிளம்பிப் போயிற்று.

அறிக்கை எழுதுவதற்கு முன்னால் அதில் என்ன எழுதப்போகிறார் என்பதை எங்களிடம் சொன்னார் சக்சேனா சாப். தவறு நடந்த விதம், செய்தவர் பெயர், கேட்ட மாத்திரத்தில் அவரே ஒப்புக்கொண்டது, எல்லாம் இருக்கும். நகப்பாலிஷ் அடையாளத்துக்கு அனுமதி கொடுத்தது தான் என்பதும் இருக்கும்.

"பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாதா, சாப்?" என்று நான் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தினமும் காலையில் நான் உங்களிடம் என்ன கேட்கிறேன்?" என்றார்.

வியாழக்கிழமை லிஸ்ட் வந்தது. என் பெயர் இருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் அடுத்தவர் பெயர் இருந்தது. வேலையிலிருந்து எடுக்கவில்லை, தினக்கூலியாகத் தொடரலாம், பறக்கும் நூலைத் தொடக் கூடாது என்று உத்தரவு. நான் பலகைக்கு முன்னால் நின்று அழுதேன். அவள் என் தோளில் தட்டினாள்.

"என்னத்துக்குட்டி அழுத? நல்ல நாளும் அதுவுமா. போ, போய் ஜிலேபி வாங்கியா. தரையிலயும் ஆள் வேணும்லா."

அதற்குப் பிறகுதான் சக்சேனா சாப் தரை நூல் முழுவதையும் நீல நிறத்துக்கு மாற்றினார். குருடன்கூட மாற்றி எடுக்க முடியாத நீலம். தரை நூலுக்குத் தனி ஸ்டாண்டு செய்து அறையின் மறு கோடியில் சுவரில் அறைந்தார்கள். நித்யா, ஸ்டாண்டு ஏன் இரண்டு, ஏன் அவ்வளவு தள்ளி என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். அந்தக் கோடியில் அவள் மெஷினையும் போட்டார்கள். எதிரில் இருந்த முகம் போய், முதுகும் கொண்டையும் மட்டும் எனக்குத் தெரிந்தது. நீலப் பாபின்களை அவள் சுற்றும் ஓசை மட்டும் அறையைக் கடந்து வரும். ஆயுத பூஜை நிற்கவில்லை. தாம்பாளத்தில் வெற்றுப் பாபின் ஒன்றை மட்டும் வைத்துப் பொட்டு வைப்போம். அதை வைப்பதும் அவள்தான்.

அடுத்த லிஸ்டிலும் அவள் பெயர் வரவில்லை. அவள் புருஷனுக்கு ஊரில் ஒரு பாங்கில் காவல் வேலை கிடைத்தது. கோடை விடுமுறை தொடங்கும்போது குழந்தைகளோடு போய்விடுவதாக முடிவாயிற்று.

கடைசி நாள், ஒரு சனிக்கிழமை. மாலையில் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். சக்சேனா சாப் எழுந்து பறக்கும் நூல் அலமாரிக்குப் போனார். ஒரு கோனை எடுத்தார். வெற்றுப் பாபின் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டையும் அவள் முன்னால் வைத்தார்.

"ஒன்று சுற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்."

அவள் என்னைப் பார்த்தாள். உத்தரவு அப்படியே இருக்கிறதே என்று அந்தப் பார்வை கேட்டது. அவர் பக்கத்திலேயே நின்றார். அவள் மெஷின் உறையைக் கழற்றி, பாபினை மாட்டி, நூலின் நுனியைத் துளையில் கோத்து, காலை வைத்தாள். அந்தச் சின்னச் சக்கரம் சுழன்று நிறைவதையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறைந்ததும் வெட்டினாள். அவர் அட்டைத் துண்டில் கோன் எண்ணை எழுதினார். முதலெழுத்துக்கு இருந்த இடத்தில் அவள் முழுப் பெயரையும் நெருக்கி எழுதினார். ஸ்டாண்டில், வரிசையின் கடைசி முளையில், தானே மாட்டினார்.

நிஜாமுதீனில் ரயில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, இது எம்புட்டுப் பெருசு" என்றாள். ரயில் நகர்ந்தது.

திங்கள் காலை சக்சேனா சாப் வந்தார். வழக்கம்போல் ஏதோ ஒன்றை உருவவில்லை. கடைசி முளைக்கே போனார். உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"யே கௌன் ஹை?"

"பேச்சியம்மாள்" என்றேன்.

தலையசைத்து, அதே முளையில் திருப்பி மாட்டினார்.

அந்தப் பாபினை நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம் என்று இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்டாண்டுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பழையது முன்னால் வரும். முன்னால் வந்ததை எடுத்துத் தைக்க வேண்டும். அதன் முறை வந்த அன்றைக்கு விரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். கொய்யாதான். மெஷினில் மாட்டி, ஜன்னலோர இருக்கை ஒன்றுக்குத் தைத்தேன். அது எத்தனை தடவை மெட்ராஸ் போய் வந்திருக்கும், எவ்வளவு காலம் பறந்திருக்கும் என்று தெரியாது. தீர்ந்ததும் அட்டையைக் கிழித்துவிட்டு, வெற்றுப் பாபினை டப்பாவில் போட்டேன். வெற்றுப் பாபினுக்குப் பெயர் கிடையாது. மறுநாள் அதில் வேறு யாரோ வேறு நூலைச் சுற்றியிருப்பார்கள்.

ஊரிலிருந்து ஒரு பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வந்தது. அடுத்த பொங்கலுக்கு நான் எழுதியது முகவரிதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. விசாரித்தவரையில் வீடு மாறிப் போனார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சக்சேனா சாப் ஓய்வு பெற்று லக்னோ போனார். பிறகு காலமான செய்தி வந்தது. மகளைப் பார்க்கச் சென்னைக்கு இப்போது விமானத்தில் போகிறேன். உட்கார்ந்ததும் உறையின் பின் ஓரத்தில் விரலை விட்டு உள்பக்கத் தையலைத் தடவிப் பார்க்கிறேன். அந்தக் காலத்து உறைகள் எப்போதோ கழிந்துபோயின. தெரிந்தேதான் தடவுகிறேன்.

நித்யாவுக்கு மறுபடி போன் செய்தேன்.

"அந்த டப்பாவை ஸ்கிராப்புல போடறதுக்கு முன்னாடி அதுலேர்ந்து ஒரு பாபின் எனக்கு அனுப்பறியா? கேட்டுட்டு அனுப்பு."

"ஒண்ணு போதுமா ஆன்ட்டி? எது வேணும் சொல்லுங்க. நல்லதா, துரு பிடிக்காததாப் பாத்து எடுக்கறேன்."

"பாக்க வேண்டாம். கைய விட்டு எடு. எது வருதோ அது."

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

"ஆமா. அதான்."

முந்தாநாள் வந்து சேர்ந்தது. என் வீட்டு மெஷினுக்கு அளவு பொருந்தாது. ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். எங்கள் அடுக்ககத்துக்கு மேலே, சக்கரங்களை நீட்டியபடி விமானங்கள் தாழ்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் திரையை விலக்கும்போது பாபினை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறேன். யார் என்று கேட்க இங்கே ஆள் இல்லை. பெயரை நானே ஒரு தடவை சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறேன்.